தாத்தா பாய் தைத்தார், அத்தை கவுன் தைக்கிறாள்

போன ஏப்ரலில் என் கவுன் கிழிந்தது. வக்கீல் கவுன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. நேரமாகிவிட்டதே என்று படியில் ஓடினேன், கைப்பிடிக் கம்பியில் எங்கோ மாட்டி இழுத்துவிட்டது. முதுகில், தோள்பட்டைக்குக் கீழே துணி சுருங்கிச் சேர்கிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டுப்போய் உள்ளே வெள்ளைச் சட்டை தெரிந்தது. அன்று முழுக்கச் சுவரோரமாகவே நின்று சமாளித்தேன்.

பாளையங்கோட்டையில் எந்த டெய்லரிடம் கொடுத்தாலும் பத்து நிமிட வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் எதாவது கிழிந்தால் அதைத் தூத்துக்குடிக்கு எடுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். அங்கே பீச் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அத்தையின் கடை இருக்கிறது. கல்யாணக் கவுன் தைப்பாள், வாடகைக்கும் விடுவாள். வாசலில் கை உடைந்த பொம்மை ஒன்று பத்து வருடமாக அதே வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அத்தை என் கவுனை மேஜையில் குப்புறப் போட்டு, கிழிந்த இடத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.

“இதென்னட்டி, கொசுவமே வைக்கல. சும்மா நூலக் கோத்துச் சுருக்கி விட்டுருக்கான். எவ்வளவு குடுத்த?”

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் மெஷினுக்குப் போகாமல் அலமாரியைத் திறந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். எனக்கு அந்த டப்பாவைத் தெரியும். தாத்தாவுடையது. உள்ளே நாலைந்து ஊசிகள், தேன்மெழுகுக் கட்டி ஒன்று, கறுத்துப்போன ஒரு தோல்பட்டை.

தாத்தா பாய் தைத்தவர். கோரைப்பாய் இல்லை, அது பத்தமடைக்காரர்கள் வேலை. இது தோணிப் பாய். பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பெரிய மரத்தோணிகளுக்குக் கித்தான் துணியில் பாய் தைத்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. நான் பிறந்தபோது அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் கை மறக்கவில்லை. என் பள்ளிக்கூடப் பை கிழிந்தபோது அவர் போட்டுக் கொடுத்த தையல், பை மக்கிய பிறகும் விடவில்லை.

அந்த வேலையை அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். கித்தான் சுருள் இரண்டடி அகலத்தில்தான் வரும். அதை நீள நீளமாக வெட்டி, ஓரத்தின்மேல் ஓரத்தை ஒரு விரல்கடை ஏற்றி வைத்து ஒரு பக்கம் தைக்க வேண்டும். முடிந்ததும் முழுப் பாயையும் புரட்டிப் போட்டு மறு ஓரத்தையும் தைக்க வேண்டும். இரட்டைத் தையல். ஊசியின் முனை வட்டமாக இருக்காது, மூன்று பட்டையாக இருக்கும். அதைக் கித்தானுக்குள் தள்ள விரல் பலம் போதாது. அதற்குத்தான் அந்தத் தோல்பட்டை. பெருவிரல் நுழைய ஒரு ஓட்டை, உள்ளங்கை மேட்டில் குழிகுழியாக ஓர் இரும்பு வில்லை. ஊசியின் பின்பக்கத்தை வில்லையில் வைத்துக் கையோடு சேர்த்து அழுத்தினால் ‘சரக்’ என்று இறங்கும். நூலை ஒவ்வொரு முறையும் மெழுகில் இழுப்பார். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் ஆறே மாதத்தில் நூலைத் தின்றுவிடும் என்பார்.

ஆனால் அவர் பெருமையாகச் சொன்னது தையலைப் பற்றி இல்லை, வெட்டைப் பற்றி. பாய் பார்க்கத் தட்டையான துணி மாதிரி இருக்கும். தட்டையாகவே தைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். பாய்க்கு வயிறு வைக்க வேண்டும். ஒவ்வொரு கித்தான் துண்டின் ஓரத்தையும் நடுவில் கொஞ்சம் கூட்டி, மேலும் கீழும் கொஞ்சம் குறைத்துத் தைத்தால் முழுப் பாயும் காற்றில் உப்பும். எவ்வளவு கூட்ட, எவ்வளவு குறைக்க என்பதற்கு அவரிடம் கணக்கெல்லாம் எழுதி இல்லை. அதற்கு அவர் அளவுகோல் சாணும் விரல்கடையும்தான்.

“பாய்க்கு வயிறு வைக்கிறதும் ரவிக்கைக்கு டாட் பிடிக்கிறதும் ஒரே வேலைதான். அவுக காத்துக்குப் பிடிச்சாக, நான் ஆளுக்குப் பிடிக்கேன்” என்பாள் அத்தை. அவள் பாவாடை தாவணி கட்டிய வயதில் தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து, கித்தானின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொள்வாளாம். அவள் தையல் படித்தது அங்கேதான். பிறகு போன தையல் வகுப்பில் கற்றதெல்லாம் மெஷின் மிதிப்பது மட்டும் என்பாள்.

எண்பதுகளில் தோணிகளில் ஒவ்வொன்றாக எஞ்சின் ஏறியது. பாய்மரம் நின்றது, பாய் சின்னதானது. காற்று கை கொடுத்தால் டீசல் மிச்சம் என்ற அளவுக்குத்தான் பாய்க்கு மரியாதை. தாத்தா தார்ப்பாய் தைத்தார், கடைத் திண்ணைகளுக்குப் படுதா தைத்தார், கடைசியில் பந்தல்காரர்களுக்குச் சாமியானா தைத்தார். அவர் வாய்விட்டுக் குறைபட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், “எஞ்சின் சத்தத்துல தண்டலுக்குக் காத்தே காதுல விழாது” என்றார். தண்டல் என்றால் தோணியின் தலைவன். சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். முன்பக்கம் அணியம். அடியில் நீளத்துக்கும் ஓடுகிற முதுகெலும்புக் கட்டை ஏரா. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கித் தண்ணீர் வராமல் அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். இந்தச் சொற்களை எழுதும்போதே எனக்கு மீன் எண்ணெய் வாசம் வருகிறது.

தோணி என்ற சொல்லே பழையது. அம்பி, திமில், நாவாய், வங்கம் என்று சங்கப் பாட்டில் வருகிற பட்டியலில் அதுவும் இருக்கிறது. மற்றவை புலவர் வகுப்போடு நின்றுவிட்டன. தோணி மட்டும் இன்றைக்கும் சிமெண்ட் ஏற்றுகிறது. மாலத்தீவில் தங்கள் படகை அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் அழைக்கிறார்கள்.

நெல்லைச் சீமையின் துறைமுகம் ஓரிடத்தில் நின்றதில்லை. கொற்கையில் முத்து விற்றார்கள். தாமிரபரணி மணலைக் கொண்டுவந்து தள்ளத் தள்ளக் கடல் பின்வாங்கி, இன்று கொற்கை வயலுக்கும் வாழைக்கும் நடுவில் கிடக்கிறது. அப்புறம் காயல், அப்புறம் போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1825-இல் ஆங்கிலேயர் நிரந்தரமாக வந்தார்கள். 1986 அக்டோபர் 20 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம். கோடு போட்டுப் பிரித்தது அலுவலகங்களைத்தான். பேச்சும் சம்பந்தமும் அப்படியேதான் இருக்கின்றன.

தூத்துக்குடிக் கடலில் ஒரு சிக்கல் உண்டு, ஆழம் கிடையாது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் அலையைத் தடுத்து நல்ல அடைப்பு கொடுக்கும். அதே காரணத்தால் தண்ணீர் இடுப்பளவுக்குச் சற்று மேலே என்கிற மாதிரி நெடுந்தூரம் போகும். நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து கரைக்கும் சரக்கைத் தூக்கியது தோணிதான். 1876-இல் ரயில் வந்த பிறகு கரிசல் காட்டுப் பருத்தி பேல் பேலாக வந்து குவிந்தது. கோவில்பட்டிப் பக்கத்து மண்ணில் விளைந்த பஞ்சுக்கு லிவர்பூல் சந்தையில் திருநெல்வேலி என்றே பெயர். அந்த பேல்களில் ஒன்றுகூடத் தோணியில் ஏறாமல் கப்பல் ஏறியிருக்க முடியாது. திரும்பி வரும்போது தோணி கொண்டுவந்தது மான்செஸ்டர் துணி. நம் பஞ்சு போய் அவர்கள் துணியாக வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அந்தப் போக்குவரத்தின் கடைசி ஐந்தாறு மைலை இரண்டு திசையிலும் சுமந்தவை எங்கள் ஊர்த் தோணிகள்.

சரி, கவுனுக்கு வருகிறேன்.

அத்தை என் கவுனின் முதுகுத் தையலை முழுவதும் பிரித்துவிட்டாள். பிரித்துப் போட்டால் கவுன் என்பது எவ்வளவு துணி என்று அப்போதுதான் தெரிந்தது. முதுகுத் துணி மட்டும் என் அகலத்துக்கு மூன்று மடங்கு. அவ்வளவையும் தோளில் ஒரு சின்னப் பட்டைக்குள் அடக்க வேண்டும். முறையான கவுனில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. துணியில் இணையாக இரண்டு மூன்று வரி நூல் ஓட்டி, ஒரே அளவான சின்னச் சின்ன மடிப்புகளாக, அக்கார்டியன் பெட்டி மாதிரி நிறுத்தி, ஒவ்வொரு மடிப்பின் முதுகையும் தனித்தனியாகப் பட்டையோடு தைக்க வேண்டும். மெஷினில் வராது. கை ஊசிதான். அத்தை பாய் ஊசியில் மெல்லியதைத் தேர்ந்தெடுத்து நூலை மெழுகில் இழுத்தாள்.

இவ்வளவு துணி எதற்கு? குளிருக்கு. இந்த அங்கி பிறந்த இடம் பாரீஸ், ஆக்ஸ்போர்டு மாதிரியான ஊர்கள். கணப்பு இல்லாத கல் மண்டபங்களில் உட்கார்ந்து பாடம் கேட்ட இடைக்காலத்து மாணவர்கள் பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், மொட்டையடித்த தலைகள். உடம்புக்கு நீள அங்கி, தலைக்கு முக்காடு. பட்டமளிப்பு விழாவில் இன்று முதுகில் வண்ணப் பட்டையாகத் தொங்குகிறதே, அது அந்த முக்காடுதான். தலையிலிருந்து நழுவி முதுகுக்கு வந்தது, பிறகு தலைக்குத் திரும்பவே இல்லை. மேலே வைக்கும் சதுரத் தொப்பியும் பாதிரிமார் தொப்பியின் வழிவந்தது.

ஆக்ஸ்போர்டில் ஊர்க்காரர்களுக்கும் அங்கிக்காரர்களுக்கும் ஆகாது. 1355 பிப்ரவரி 10 அன்று ஒரு சாராயக்கடையில் திராட்சைமது சரியில்லை என்று மாணவர்கள் ஆரம்பித்த தகராறு பெரும் கலவரமாகிப் பல பத்து உயிர்களைக் கொண்டுபோனது. டவுனும் கவுனும் என்று அந்தச் சண்டைக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் டவுன் உண்டு, நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கிற டவுன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளை, தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கியது. நடுவில் சுலோச்சன முதலியார் பாலம். எங்கள் டவுனுக்கும் கவுனுக்கும் சண்டை என்றால் அது பேருந்தில் ஜன்னலோர இடத்துக்குத்தான்.

அந்தக் குளிர் அங்கியைத்தான் நாம் அபிஷேகப்பட்டி வெயிலில் போட்டுக்கொள்கிறோம். அபிஷேகப்பட்டியில் 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் பட்டம் வாங்கியது வேறு ஓர் ஊரில், பெயர் வேண்டாம். வரிசையில் நின்று, முன்பணம் கட்டி, யாரோ போட்டுக் கழற்றிய கவுனை வாங்கினேன். அக்குளில் ஈரம் காயவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு. எனக்கு முன்னால் நின்ற உயரமான பையனுக்கு முட்டிக்கு மேல் நின்றது, எனக்குத் தரையைக் கூட்டியது. திரும்பக் கொடுக்கும்போது ஓரத்தில் அழுக்கு என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். தரையைக் கூட்டினால் அழுக்காகாதா? நான் சட்டம் படித்தவள், வாதாடியிருக்கலாம். அம்மா “வாட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

2010 ஏப்ரலில் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே, அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றிப் போட்டார். காலனி ஆட்சி விட்டுப்போன காட்டுமிராண்டித்தனம் என்கிற அளவுக்குப் பேசினார். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வெயிலில் இது கொடுமை என்பது சரி. ஆனால் முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளையின் கவுன் படம் வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறதே, அதை வெறும் காலனி மிச்சம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு கைத்தறித் துணியில் விழா உடை போடுங்கள் என்று சொன்னது. அது நல்ல யோசனை.

வக்கீல் கவுனின் கறுப்புக்கு ஒரு கதை சொல்வார்கள். 1694 டிசம்பரில் இங்கிலாந்தின் மேரி ராணி அம்மை கண்டு இறந்தாள். வக்கீல்கள் துக்கத்துக்குக் கறுப்பு போட்டார்கள், கழற்ற யாரும் சொல்லவில்லை, அவர்களும் கழற்றவில்லை. இல்லை, அது 1685-இல் இரண்டாம் சார்லஸ் இறந்தபோதே வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட துக்கம். நம் ஊரில் கருமாதி முடிந்ததும் தலைக்கு ஊற்றி, கறி சமைத்துத் துக்கத்தை முறித்துவிடுவோம். அவர்களுக்கு அந்தப் பதினாறாம் நாள் வரவே இல்லை போலிருக்கிறது. முதுகில் தொங்கும் சின்னத் துணிப்பட்டைக்கும் ஒரு கதை உண்டு. அது ஒரு காலத்தில் பையாம், வக்கீல் கை நீட்டிக் கேட்காமல் கட்சிக்காரர் பின்னாலிருந்து காசு போடுவாராம். இந்தக் கதையை என் சீனியர் ஒவ்வொரு புது ஜூனியரிடமும் சொல்லிவிட்டு, “அதான் இன்னும் பின்னாலயே நிக்குது” என்று முடிப்பார்.

1961-ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளின்படி, கவுன் கட்டாயம் என்பது உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும்தான். கீழ் நீதிமன்றங்களில் விருப்பம் இருந்தால் போடலாம், கோடையில் கறுப்புக் கோட்டுக்கும் விலக்கு உண்டு. 2004-இல் மதுரைக் கிளை வந்த பிறகு நெல்லைச் சீமை வக்கீல்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சம், ஆனால் கவுனைத் தூக்கிக்கொண்டு போகிற நாட்கள் கூடிவிட்டன.

வக்கீலையும் கப்பலையும் பற்றி எங்கள் ஊரில் ஒருவர் பேசினால் அது ஒரே ஆளைப் பற்றித்தான் இருக்கும். ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சி. பிளீடராகத் தொழில் நடத்தியவர். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய்ப் பங்குகள் 40,000. முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தார். வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் கப்பல் கொடுத்தவர் பின்வாங்கினார். சொந்தக் கப்பல்தான் வழி என்று 1907-இல் கலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்களைக் கொண்டுவந்தார். கொழும்புக்குக் கட்டணத்தை அவர்கள் குறைக்க இவர் குறைக்க, கடைசியில் இலவசமாக ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்று வெள்ளைக்காரக் கம்பெனி கூப்பிட்ட கதையை இங்கே சின்னப் பிள்ளைகளும் சொல்லும். தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது, கலியாவும் ஆழத்தில்தான் நின்றது, அதற்கும் ஆளையும் மூட்டையையும் கொண்டுபோய்ச் சேர்த்தது தோணிதான் என்று சேர்த்துக்கொள்வார். அந்த வரியைச் சொல்லாமல் அவர் கதையை முடித்ததில்லை.

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச்சில் கைது, அப்புறம் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது, கோவைச் சிறையில் செக்கு. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும், அதாவது தொழில் நடத்தும் உரிமமும் இல்லை. சன்னது மட்டும் பல வருடங்களுக்குப் பிறகு, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவில் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆயுள் தண்டனை கொடுத்த அதே வர்க்கத்தின் நீதிபதி ஒருவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற மனசு என்ன மனசு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குப் பிடிபட்டதில்லை.

இப்போது வெள்ளைக் கவுன். அத்தையின் சோறு அதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

கல்யாணப் பெண் வெள்ளை உடுத்துவது ஆதியிலிருந்து வந்த கிறிஸ்தவ வழக்கம் என்று ஊரில் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ஐரோப்பாவில் பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனார்கள், நீலமோ சிவப்போ பழுப்போ. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணி வெள்ளைப் பட்டில் கல்யாணம் செய்தாள். (அந்த ஆக்ஸ்போர்டு கலவரத்தின் அதே தேதி, பாருங்கள்.) வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நோக்கம் இருந்தது. மெஷின் லேஸ் வந்து கையால் பின்னுகிற பெண்களின் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. டெவன் பகுதியில் ஹானிட்டன் வகை லேஸ் பின்னுகிற இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதக்கணக்கில் வேலை கொடுத்து அந்த உடுப்புக்கு லேஸ் செய்ய வைத்தார்கள். அந்த லேஸ்தான் உடுப்பின் பெருமை. பத்திரிகைகளில் படம் வந்தது, பணக்காரர்கள் பின்பற்றினார்கள். வெள்ளையை ஒருநாள் போட்டு மடித்து வைக்க வசதி வேண்டும் அல்லவா? அதனால் ஏழை வீடுகளுக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது.

அந்தக் கல்யாணம் நடந்து நாலே வருடத்தில், 1844-இல், எலைசா மால்ட் என்ற பெண் ராபர்ட் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தாள். நாகர்கோவிலில் அவள் அம்மா முன்பே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் அதைத் தேரிமண் பூமிக்குக் கொண்டுவந்தாள். மடியில் ஒரு கெட்டித் தலையணை, அதன்மேல் ஓட்டை குத்திய தாள், ஓட்டைக்கு ஒரு குண்டூசி, நூல் சுற்றிய மரக்குச்சிகள் பத்து இருபது. குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல்கள் ஊசிகளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு பூவாகும், இலையாகும். ஹானிட்டனும் இதே தலையணை வேலைதான். பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் அதைச் செய்து கையில் காசு பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் பக்கத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். 1859-இல் மகாராஜா இறங்கிவந்து மார்பை மூடிக்கொள்ளலாம் என்று ஆணையிட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. மேல்துணிக்கே இவ்வளவு அடிபட்ட மண்ணில், கல்யாணப் பெண் இன்று தரையில் புரளுகிற வெள்ளைக் கவுனும் தலையில் நெட்டு என்கிற வலைத்துணி முக்காடுமாகக் கோயில் நடுவழியில் நடக்கிறாள். இது வெள்ளைக்காரியைப் பார்த்துப் பழகியது என்று சொல்லிச் சிரிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கால்டுவெல்லுக்கு 1968-இல் மெரினாவில் சிலை வைத்தோம். சரிதான். எலைசாவின் தலையணையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

எங்கள் பக்கம் பெண்கள் பலருக்குக் கோயிலில் வெள்ளைப் பட்டுச் சேலை, அதன்மேல் நெட்டு, தலையில் கிரீடம் என்பதுதான் வழக்கமாக இருந்தது. மந்திரித்த தாலி ஏறியதும் பட்டுக்கு மாறிவிடுவார்கள். முழுக் கவுன் இப்போது கூடியிருக்கிறது. விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது, ஒருநாள் கூத்து. ஆகவே வாடகை. அத்தையிடம் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பதினைந்து இருபது கல்யாணம் பார்த்தவை. ஒவ்வொரு பெண்ணுக்கும் இடுப்பைப் பிடித்தோ விட்டோ, கையைக் குறைத்தோ கூட்டியோ தைத்துத் தருவாள், கல்யாணம் முடிந்ததும் பிரித்துவிடுவாள். அதனால் இடுப்பின் உள்பக்கத்தில் பழைய தையல் ஓட்டைகள் வரிவரியாக இருக்கும். அத்தை அந்த வரிகளைத் தடவிப் பார்த்து, “இது நாலாவது பொண்ணு, ஊசி மாதிரி இருப்பா. இப்ப வந்தா இந்தக் கவுன்ல ஒரு கைதான் நுழையும்” என்பாள்.

கீழ் ஓரத்துக்கு மட்டும் அவள் மெஷின் போடுவதில்லை. மெழுகு நூல், கைத்தையல், இரட்டை. ஏன் என்று கேட்டேன். கோயில் படியில் யாராவது மிதிப்பார்கள், கடற்கரையில் படம் எடுக்க அலையில் நிற்க வைப்பார்கள், உப்புத் தண்ணீர் பட்டால் சாதா நூல் நிற்காது. தாத்தாவின் வாக்கியம், அப்படியே.

என் கவுனை முடிக்க அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மடிப்புகளை எண்ணினேன், 64. காசு கொடுத்தால் அடிப்பாள் என்பதால் கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பீச் ரோட்டுக்கு நடந்தோம்.

பெரிய துறைமுகம் தெற்கே தள்ளி இருக்கிறது. 1974-இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகம் ஆனது, 2011-இல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். ஆழத்தில் நிற்க வேண்டிய அவசியம் இப்போது கப்பல்களுக்கு இல்லை. ஆனாலும் இந்தப் பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. மாலத்தீவு பவளமணல் பூமி, கல் கிடையாது. வீடு கட்ட ஜல்லியிலிருந்து சிமெண்ட் வரை வெளியிலிருந்து போக வேண்டும், சோற்றுக்கு வெங்காயமும் காய்கறியும் போக வேண்டும். இருநூறு முந்நூறு டன் சரக்கோடு போய் வர மரத்தோணி போதும். ஆனி ஆடிக் காற்றில் மட்டும் போகாது, கரையில் கிடந்து கலப்பத்து பார்த்துக்கொள்ளும்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஒரு தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அணியத்தில் ஒரு புனிதரின் பெயர் நீலப் பெயிண்டில். பாய்மரம் பாதியில் வெட்டப்பட்டு, அதில் கொடியும் விளக்கும் கட்டியிருந்தார்கள். மூட்டைகளுக்கு மேல் இரண்டு பையன்கள் ஒரு பெரிய தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். நடுவில் ஒட்டுப் போட்ட பாய். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த ஒட்டையே பார்த்தாள். நான் போகலாமா என்றேன். அவள் நகரவில்லை.

“ஒத்தத் தையலு” என்றாள். “பாதிக் கடல் தாண்டாது.”

அப்புறம் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக, “ஏய் தம்பி, எப்ப கெளம்புதிய?”

“நாளைக்கு ராத்திரி, அத்தே!”

“அதக் கழட்டிக் காலைல கடைக்குக் கொண்டாங்க.”